நாலாவது ஆள்

மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதற்கெல்லாம் கணக்கு இல்லை. மாப்பிள்ளை பார்க்க, நிலம் பார்க்க, தாலிக்குப் பொன் வாங்க என்றால் மட்டும் அம்மா வாசலில் நின்று தலையை எண்ணுவாள். மூன்று என்று வந்துவிட்டால் ஒருவரையும் படி இறங்க விட மாட்டாள். துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அதற்கும் ஒரு வழி உண்டு. தெருவில் கிடக்கிற சின்னக் கல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கல்தான் நாலாவது ஆள். எங்கள் ஊர் மேனாம்பேட்டில் பாதி வீடுகளில் இந்த வழக்கம் இருக்கிறது. படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கல்லையும் எடுத்துக்கொள்வார்கள்.

என் தங்கைக்காக நாங்கள் போன அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

தங்கை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் கூடி வந்து நின்றுபோயிருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் துணி எடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் அந்தப் பிள்ளையாண்டான் வாயைத் திறந்து, தனக்கு வேறு ஒரு பெண்ணோடு பழக்கம் என்று சொன்னான். சொன்னவன் அடுத்த வருஷமே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று இருக்கிறான். 'கல்யாணம் நின்னுபோன பொண்ணு' என்கிற பேர் மட்டும் என் தங்கைக்கு வந்தது. இது எந்த ஊர் நியாயம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகும் பெண் பார்க்க வந்தார்கள். இவள் பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்பாள். அவர்களுக்கும் பிடித்துவிடும். திரும்பிப் போகிற வழியில் தெருக்கோடியில் யாராவது ஒரு புண்ணியவான் விஷயத்தை ஓதிவிடுவான், அதோடு அவர்கள் சத்தம் இருக்காது. நாலைந்து முறை இப்படி ஆனதும் தங்கை ஒரு நாள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இனிமே யாரும் ஊட்டுக்கு வரக் கூடாதுக்கா. வெளியில எங்கயாச்சும் பாத்துக்கலாம். இன்னொண்ணு, நின்னுபோன விஷயத்த நான்தான் சொல்லுவேன். மொத நாளே, அவர்கிட்டயே. வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவர் முகத்தப் பாத்து நான் சொல்லணும், நான் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்."

அம்மாவும் நானும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.

அப்போதுதான் தரகர் இந்த வரனைக் கொண்டுவந்தார். குமணன்சாவடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகம் பார்த்ததில் நன்றாகவே பொருந்தியிருந்தது. எங்கே சந்திப்பது என்ற பேச்சு வந்தபோது தங்கைதான் அந்த இடத்தைச் சொன்னாள். அதன் விளம்பரத்தை அவள் தினமும் பஸ்ஸுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் ரோட்டில், யாரோ பணக்காரர் போட்டிருக்கிற தோட்டம். எல்லோரும் குட்டி ஊர் என்கிறார்கள். ஒரு ஊரை அப்படியே முழங்கால் உயரத்துக்குச் செய்து வைத்திருக்கிறார்கள். ஏரி, கோயில், சந்தை, ரேஷன் கடை, டீக்கடை, ரயில்வே கேட் எல்லாம் உண்டு. ஜனங்கள் விரல் நீளம்தான் இருப்பார்கள். நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுவில் போட்ட பாதையில் நடந்து பார்க்க வேண்டும்.

"கோயில்ல போய் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கணும். ஓட்டல்னா சாப்படறதப் பாத்துக்கினு இருப்பாங்க. இங்கன்னா பேசறதுக்கு எதுனா கண்ணுல படும்" என்றாள். அவள் இவ்வளவு ஆசையாக ஒரு இடத்தைச் சொல்லி நான் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று. 

அம்மா, தங்கை, நான், என் வீட்டுக்காரர் என்று சரியாக நாலு பேர். என் பிள்ளைகள் இரண்டையும் மாமியாரிடம் விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைகள், எதையாவது உளறிவைக்கும் என்று பயம். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள் எனக்கு! காலையில் வீட்டுக்காரருக்குப் பாடியில் அவர் வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆள் வரவில்லை, ஷிப்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் கார் வந்து நின்றது. அம்மா எங்களை எண்ணினாள்.

"மூணு பேரு ஆயிட்டமே!"

"ஒரு கல்ல எடுத்துப் போட்டுக்கோம்மா, மணி ஆவுது" என்றேன்.

"கல்லு பேசுமாடி? அந்தம்மா வந்து உக்காந்தா நாலு வார்த்த பேசறதுக்கு ஆளு வாணாமா? எனக்குப் புது ஆளப் பாத்தா வாயே வராது. உனக்கு மூக்கு மேல கோவம். இரு, அத்தைய இட்டாரேன்."

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெரு. பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, வாய் நிறையப் பேச்சு. எங்கள் அப்பா போன பிறகு எங்களுக்காக ஊரோடு சண்டை போட்டவள். தங்கை என்றால் அவளுக்கு உயிர். கூப்பிட்ட மாத்திரத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து காரில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சத்தியத்தைப் பற்றி அவளிடம் யார் சொன்னது? கூப்பிடப் போன அம்மா சொல்லியிருப்பாள் என்று நான் இருந்தேன். நான் சொல்லிக்கொள்வேன் என்று அம்மா இருந்திருக்கிறாள். வழி முழுக்க அத்தை டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தாள். பூந்தமல்லி வருவதற்குள் அவருடைய மச்சான் குடும்பத்துச் சண்டை வரைக்கும் தெரிந்துகொண்டாள். இறங்கினதும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் போடலாம் என்று ஒரு யோசனை எனக்கு வராமல் இல்லை. இறங்கினால் வாசலிலேயே அவர்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள்.

"அடடே, நீங்களும் சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. யதேச்சையாகச் சந்தித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வது என்று தரகர் சொல்லியிருந்தார். "ஆமாமா, லீவு நாளாச்சே" என்று அம்மாவும் கூடவே நடித்தாள். நல்ல மனுஷிதான் அந்த அம்மாள். நான் பொய் சொல்ல மாட்டேன். வந்ததும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை குள்ளம்தான், முன்பக்கம் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. எதையும் ரொம்பப் பேசவில்லை. ரேஷன் கடை முன்னால் குட்டிக் குட்டிப் பைகளோடு பொம்மைகள் வரிசையில் நின்றன. அவர் அதைக் குனிந்து பார்த்து, "இங்கயும் பாமாயில் இன்னும் வரல போல" என்றார். தங்கை பட்டென்று சிரித்துவிட்டாள். இவள் லேசில் சிரிக்கிறவள் இல்லை. அம்மா என் கையைக் கிள்ளினாள்.

அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நாங்கள் வேண்டுமென்றே பின்தங்கினோம். ரயில்வே கேட் பக்கம் ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் ரயில் வரும், கேட் தானாக மூடும். தங்கை அழுத்தினாள். ரயில் வந்தது, கேட் பாதியில் நின்றுகொண்டது.

"எங்க அம்பத்தூர்ல கேட்டு தொறக்காது, இங்க மூடல" என்றாள் அவள்.

"வண்டி வந்துகினு கீது, அடிபட்டுடப் போறாங்க" என்று அவர் பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உள்ளே போய், ஒரு விரலால் கேட்டைக் கீழே தள்ளினார். காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். மருந்துக்கடைக்காரர் பதறிப்போய் வெளியே குதித்ததில் செருப்பு ஒன்று சந்தைக்குள் போய் விழுந்தது. காய்கறிக் கடைகளுக்கு நடுவில் மலை மாதிரி அந்தச் செருப்பு. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்த இடத்துப் போட்டோக்காரர் ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு, குட்டிக் கோபுரத்தை முன்னால் வைத்து, வருகிறவர்களை எல்லாம் பூதம் மாதிரி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவர்களையும் எடுத்தார்.

இது முடிந்துவிடும் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது. கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று மனசுக்குள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவுக்கு முட்டி வலி. அத்தையும் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் டீ வாங்கப் போனேன். கடையிலிருந்து பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் தங்கையும் அவரும் தெரிந்தார்கள். இவள் தலையைக் குனியாமல் அவர் முகத்தைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னவோ ஒன்று சொன்னார். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். முருகா, போதும்டா சாமி என்று டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெஞ்சை நெருங்கும்போது அத்தையின் குரல் கேட்டது.

"எங்க அண்ணன் பொண்ணு மாரி ஒரு பொண்ணு கெடைக்குமா உங்களுக்கு? பத்திரிக அடிச்சி, மண்டபம் புடிச்சி, கடைசில நின்னு பூட்ச்சிம்மா! வேற பொண்ணா இருந்தா இன்னா ஆயிருப்பா? இவ ஒரு சொட்டு கண்ணீரு உடல. மறுநாளு டிபன் பாக்ஸத் தூக்கினு வேலைக்குப் பூட்டா. அப்பேர்ப்பட்ட தைரியசாலி!"

அய்யோ, பெருமையாகச் சொல்கிறாள்! அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். அத்தை முந்தானை எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து அதைச் சரிசெய்துகொண்டு மேலே பேசுகிறாள்.

"மண்டபம் வரிக்கும் வந்தா நின்னுச்சி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இத யாரும் எங்ககிட்ட சொல்லலியே."

"சொல்லத்தான் இருந்தோம். பொண்ணே சொல்லணும்னு..." என்று நான் குறுக்கே விழுந்தேன். டீ என் கைமேல் சிந்தியது. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேசுவதெல்லாம் சமாளிப்பாகத்தான் பட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே பிள்ளையைப் பெற்றவர். முன்பின் தெரியாத வீட்டைப் பற்றி மூன்றாவது வாயிலிருந்து ஒரு விஷயம் வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நாங்களே போய்ச் சொல்லியிருந்தால் அது ஒரு குறை, அவ்வளவுதான். இப்போது மறைத்து வைத்ததாக ஆகிவிட்டது.

அவர் டீயைத் தொடவில்லை. பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மாப்பிள்ளை சிரித்த முகமாக வந்தார். தங்கையும் சிரித்த முகமாகத்தான் பின்னால் வந்தாள்.

வெளியே போகிற வழியில் போட்டோக்காரர் படத்தை அச்சுப் போட்டு நீட்டினார். "வாங்கிக்கோங்க சார், ஜோடி சூப்பரா வந்துகீது."

மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கினார். அதற்குள் அத்தை, "இன்னும் பூவே வெக்கல, அதுக்குள்ள ஜோடியா போட்டாவா? கண்ணு பட்டுடும், வாணாம் கண்ணு" என்றாள். அவர் அம்மா ஏற்கெனவே வெளிவாசலைத் தாண்டிவிட்டார். அவர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டோவில் ஏறும்போது அந்த அம்மாள், "நாங்க போறோம்" என்றார். போய்விட்டு வருகிறோம் என்று சொல்லவில்லை. அம்மா காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி பூந்தமல்லியைத் தாண்டியது. தங்கை என் காதில், "அக்கா, சொல்லிட்டேன்" என்றாள். "என்ன சொன்னாரு தெரியுமா? 'அதுல உங்க தப்பு இன்னா கீது, அதுக்கு ஏன் நீங்க தலைகுனியணும்'னாரு. நான் தலையே குனியலன்னேன். சிரிச்சிட்டாரு. அம்மாகிட்ட ராத்திரி பொறுமையா அவரே சொல்றேன்னாரு." அவள் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது. நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

முன்சீட்டிலிருந்து அத்தை திரும்பினாள். "நீ ஒண்ணும் கவலப்படாத கண்ணு. அந்தம்மாகிட்ட நான் எல்லாத்தயும் எடுத்துச் சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன அத்தே?"

அத்தை முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். பத்திரிகை, மண்டபம், டிபன் பாக்ஸ், தைரியசாலி, எல்லாம். தங்கை கடைசி வரைக்கும் கேட்டாள். "நல்லா சொன்ன அத்தே" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அவள் முகத்தை எனக்குக் காட்டவில்லை.

ஒரே விஷயம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சொன்னாள், இந்தப் பக்கம் ஒருத்தி சொன்னாள். நடுவில் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல் பேசாது என்று அம்மா குறைப்பட்டாளே, அந்தக் கல்லைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தரகர் போன் செய்து, ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டினார்களாம், சரியாக அமையவில்லையாம் என்றார். எல்லோரும் சொல்கிற பதில்தான். மருந்துக்கடைக்கே நேராகப் போய் அவரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினேன். தங்கைதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாங்க்கா. அவங்க அம்மாவ மீறி வர்றவரா இருந்தா இந்நேரம் வந்துருப்பாரு. வரலன்னா அவருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். விட்டுடு." ஆடி கழிந்து, ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அதே தரகர் சொன்னார்.

அத்தைக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. சொல்லக் கூடாது என்று தங்கை எங்களிடம் இன்னொரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். அத்தை இப்போதும் எப்போதாவது, "அந்தப் பூந்தமல்லிக்காரங்களுக்கு இன்னாதான் கொற? கண்ணு இல்லாத ஜனங்க" என்று திட்டுவாள். அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் கூட்டிப் போவது தங்கைதான். எனக்குச் சில நேரம் அத்தையிடம் கத்தித் தீர்த்துவிடலாமா என்று இருக்கும். தங்கை ஒரு பார்வை பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வேன். அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கச் சம்மதிக்கவில்லை. வரன் என்று பேச்சு எடுத்தாலே வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

இந்த வருஷம் கோடை விடுமுறையில் பிள்ளைகள் குட்டி ஊருக்குப் போக வேண்டும் என்று உயிரை வாங்கினார்கள். எனக்கு மனசே இல்லை. வீட்டுக்காரர்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனார். அவர் டிக்கெட் வரிசையில் நின்றார். நான் பிள்ளைகளோடு வாசலில் நின்றேன்.

"அம்மா, சித்தி!" என்றாள் என் பெண்.

தங்கை வந்துவிட்டாளா என்று சுற்றிப் பார்த்தேன். பெண் கை காட்டிய இடத்தில் போட்டோக்காரரின் தட்டி இருந்தது. வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட பெரிய பெரிய படங்களை மாட்டியிருந்தார். நடுவில் இருந்த எல்லாவற்றிலும் பெரிய படத்தில், கோபுரத்துக்கும் வீடுகளுக்கும் மேலே, ஆகாசத்தில் தலை இடிக்கிற மாதிரி தங்கையும் அவரும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு காலில் செருப்பு இல்லை.

"சித்தி பக்கத்துல யாரும்மா?"

பிள்ளைகளை அவர்கள் அப்பாவிடம் துரத்திவிட்டேன். ஆத்திரத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. நேராகப் போட்டோக்காரரிடம் போனேன். "யாரக் கேட்டு இந்தப் படத்த மாட்டி வெச்சிகீற? கல்யாணம் ஆவாத பொண்ணுய்யா அது! அவருக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிப்போச்சி. அந்த வீட்டம்மா வந்து இதப் பாத்தா இன்னா ஆவறது?"

அவர் நடுங்கிப்போனார். "மன்னிச்சிடுங்க மேடம், புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சிட்டேன். இவ்ளோ சந்தோஷமா இங்க வேற யாரும் சிரிச்சதில்ல, அதான்..." என்று இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "ஆனா அந்த மேடத்துக்குத் தெரியும் மேடம். போன மாசம் கூட வந்தாங்க. தனியாத்தான் வருவாங்க. டிக்கெட்டு வாங்கமாட்டாங்க, உள்ள போவமாட்டாங்க. இங்கயே கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. 'எடுத்துடட்டுமா'ன்னு நானே கேட்டேன். 'இருக்கட்டும்'னாங்க."

மாதக் கடைசியில் சில ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் கணக்கு முடிக்க வேண்டும் என்று தங்கை கிளம்பிப் போவாள். அம்மா டிபன் கட்டிக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை கூடவா கூப்பிடுவார்கள் என்று நான் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறேன்.

போட்டோக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எடுத்துடறேன் மேடம்" என்றார். எடுப்பதுதான் சரி. மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி ஒரு நாள் இந்தப் பக்கம் வராமலா போவாள்? அத்தையையே யாராவது இங்கே கூட்டி வரலாம். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இருக்கட்டும்" என்றேன்.